எட்டு வருட இடுப்பு வலி, ஐந்து மாதக் கால் வலி: ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

அடுப்படி, காரைக்குடி · செவ்வாய் இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடியில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். வயது 47. அப்பாவுக்கும் இதே தொழில்தான். இந்தப் பக்கத்து வளவு வீடுகளில் அவரைத் தவசுப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது என்னோடு பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

இடுப்பு வலி எனக்குப் புதிதல்ல, எட்டு வருடமாக இருக்கிறது. கவுனி அரிசி கிண்டும்போது பிடிக்கும், அண்டா இறக்கும்போது பிடிக்கும். பெல்ட் போட்டு, தைலம் தேய்த்து, ஒரு வாரம் கவனமாக இருந்தால் விட்டுவிடும். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு சாந்திக் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவை இரண்டு பேராகத் தூக்கும்போது இடுப்பில் டக்கென்று ஒரு சத்தம். அன்றிலிருந்து வலி வேறு மாதிரி ஆகிவிட்டது. இடது பிட்டத்தில் ஆரம்பித்து, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்பக்கம் வரை சுரீர் என்று இழுக்கிறது. இருமினால், தும்மினால் கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை.

மாத்திரை சாப்பிட்டேன். மூன்று வாரம் பிசியோதெரபி போனேன். முதுகில் ஓர் ஊசி போட்டார்கள், ஒரு மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி வந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்4-எல்5 இடத்தில், அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில், ஜவ்வு பிதுங்கி இடது பக்க நரம்பை அழுத்துகிறது, அதற்குக் கீழே எல்5-எஸ்1 இடத்தில் தேய்மானம் என்று போட்டிருக்கிறது.

முதலில் பார்த்த டாக்டர், இரண்டு இடத்திலும் ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்பைச் சேர்த்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். அவர் சொன்ன தொகை, ஒரு முகூர்த்த சீசன் முழுக்க நான் சம்பாதிப்பது. இரண்டாவது டாக்டர் ஆபரேஷனே வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பாருங்கள் என்கிறார். அம்மா, முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று அழுகிறார். தை மாதம் ஒன்பது கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


கண்டனூர் டீச்சர் · செவ்வாய் இரவு 11.15

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது என் கதையையே படிப்பது போல இருக்கிறது. எனக்கு 38 வயதில் அதே எல்4-எல்5, அதே இடது கால். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கால் மடங்கிவிடும். நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துகொண்டேன். ஸ்க்ரூ எல்லாம் இல்லை. மைக்ராஸ்கோப் வைத்துப் பார்த்து, பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்தார்கள். தையல் இரண்டு விரல் அகலம். மறுநாள் காலையில் நடக்க வைத்தார்கள்.

மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் நான் முதலில் தேடியது அந்தக் கால் வலியைத்தான். இல்லை. அதுவரை ஐந்து நிமிஷம்கூட விடாத வலி, இல்லவே இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

இடுப்பு வலி மட்டும் இன்றைக்கும் அவ்வப்போது வரும். அது போகும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன், யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன். அம்மாவிடமும் சொல்லுங்கள், நான் படுத்த படுக்கையாக இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போய் வருகிறேன்.


ஆத்தங்குடி மகன் · புதன் காலை 6.20

வேண்டாம் அண்ணே. தயவுசெய்து வேண்டாம்.

என் அப்பா முப்பது வருடம் ஆத்தங்குடிக் கல் ஊற்றியவர். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, குனிந்தபடியே கலர் சிமென்ட் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு, காய்ந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி எடுக்கும் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிந்து நிமிர்வார் என்று யாரும் எண்ணியதில்லை. அவருக்கு இடுப்பு வலி. ஸ்கேனில் இரண்டு ஜவ்வு தேய்ந்திருக்கிறது, ஸ்க்ரூ வைத்தால் சரியாகிவிடும் என்றார்கள். நகையை அடகு வைத்துச் செய்தோம். இரண்டு வருடம் ஆகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். வலி அப்படியேதான் இருக்கிறது. இப்போது தரையில் உட்காரவும் முடியவில்லை, அதனால் வேலையும் போய்விட்டது.

டீச்சர் அக்காவுக்குச் சரியானது சந்தோஷம். ஆனால் நல்லபடியாக முடிந்தவர்கள்தான் வெளியே வந்து பேசுவார்கள். என் அப்பா மாதிரி ஆட்கள் வீட்டுக்குள்ளே கிடப்பது யாருக்கும் தெரியாது.


தேவகோட்டை பிசியோ · புதன் மதியம் 2.05

நான் பிசியோதெரபிஸ்ட். பதினாறு வருடமாக இந்த வலியோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆத்தங்குடித் தம்பி, அப்பாவுக்கு நடந்ததைப் படிக்க மனசு கஷ்டமாக இருந்தது. நீங்கள் சொல்வதும் உண்மை, டீச்சர் சொல்வதும் உண்மை. இரண்டு பேரும் பேசுவது இரண்டு வேறு நோய், இரண்டு வேறு ஆபரேஷன். இதைப் பிரித்துப் பார்க்காமல் 'முதுகு ஆபரேஷன் நல்லதா கெட்டதா' என்று கேட்டால் பதிலே கிடைக்காது.

ஜவ்வு பிதுங்கி ஒரு நரம்பை நெருக்கும்போது வலி காலுக்குப் போகும். நரம்பு எங்கே ஓடுகிறதோ அந்தக் கோட்டிலேயே வலிக்கும். அண்ணன் எழுதியிருக்கும் தொடை வெளிப்பக்கம், பாதத்தின் மேல்பக்கம் என்பது எல்5 நரம்பின் பாதை. ஸ்கேனும் அதே இடத்தைக் காட்டுகிறது. வலி சொல்வதும் ஸ்கேன் சொல்வதும் இப்படி ஒன்றாக இருந்தால், நெருக்கும் துண்டை எடுப்பது பெரும்பாலும் பலன் தரும். டீச்சருக்குச் செய்தது அது.

வலி இடுப்போடு நின்றுவிட்டால் கதை வேறு. எந்த ஜவ்வு, எந்த மூட்டு, எந்தத் தசை வலிக்கிறது என்று ஸ்கேன் விரல் வைத்துக் காட்டாது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் 2015-இல் தொகுத்துக் கணக்குப் போட்டார்கள், மொத்தம் மூவாயிரம் பேருக்கு மேல். வலி இல்லாத 40 வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது, பாதிப் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. 50 வயதில் தேய்மானம் 80 சதவீதம். அதாவது, தேய்மானம் என்று ரிப்போர்ட்டில் வருவது நரைமுடி மாதிரி. அண்ணனுக்கு எல்5-எஸ்1 இடத்தில் போட்டிருப்பதும் அதுவாகவே இருக்கலாம்.

வெறும் இடுப்பு வலிக்கு எலும்பைச் சேர்க்கும் ஆபரேஷனா, தீவிரமான உடற்பயிற்சித் திட்டமா என்று பிரிட்டனில் 349 பேரை வைத்துப் பார்த்து 2005-இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன்தான் மேல் என்று சொல்லும்படியான தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

கால் வலிக்கு வருவோம். நெதர்லாந்தில் கடுமையான கால் வலி ஒன்றரை முதல் மூன்று மாதம் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன், இன்னொரு பாதி பொறுத்துப் பார்ப்பது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 95 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, அவ்வளவுதான். ஆனால் பொறுத்துப் பார்த்தவர்களிலும் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் கடைசியில் ஆபரேஷனுக்கே போனார்கள். இது 2007-இல் வந்தது. இரண்டாவது டாக்டர் பொறுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆதாரம் இருக்கிறது.

அண்ணனுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாலு மாதம் முதல் ஒரு வருடம் வரை கால் வலி விடாதவர்கள் 128 பேரை கனடாவில் பார்த்தார்கள், 2020-இல் வந்தது. ஆறாவது மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால் வலி தெளிவாகக் குறைவாக இருந்தது. ஆக, முதல் மூன்று மாதத்தில் பொறுப்பது நல்ல முடிவு. இனியும் பொறுப்பது அதே அளவு நல்ல முடிவு என்று சொல்ல முடியாது.

அண்ணனிடம் கேட்க வேண்டியவை: இடுப்பு, கால் இரண்டில் எது அதிகம் வலிக்கிறது? குதிகாலை மட்டும் ஊன்றி, முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடக்க முடிகிறதா? சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா? அப்புறம், அந்த மூன்று வார பிசியோவில் என்ன செய்தார்கள்? சூடு ஒத்தடம், கரண்ட், இழுவை மட்டும் என்றால் அதைப் பயிற்சி என்று நான் எண்ண மாட்டேன்.


புதுவயல் ரைஸ்மில் · புதன் மாலை 5.30

எதற்குப் பெரிய செலவு? எனக்கும் ஜவ்வு விலகியிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வைத்தியர், எண்ணெய் போட்டு நீவி, ஒரே திருகில் ஜவ்வை உள்ளே தள்ளிவிட்டார். மூன்று தடவை போனேன், வலி போய்விட்டது. மூன்று வருடமாக மூட்டை தூக்குகிறேன். வேண்டுமானால் அழைத்துப் போகிறேன்.


தேவகோட்டை பிசியோ · புதன் மாலை 6.10

உங்களுக்கு வலி போனதை நான் சந்தேகப்படவில்லை. எண்ணெய் போட்டு நீவினால் இறுகிய தசை தளரும், தூக்கம் வரும், அதில் தவறே இல்லை. ஆனால் ஜவ்வை வெளியிலிருந்து யாரும் உள்ளே தள்ள முடியாது. பிதுங்கிய துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும். பெரிய துண்டாக வெளியே வந்தது பல நேரம் இன்னும் நன்றாகக் கரையும். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் குணமாகிறது, அந்த நேரத்தில் யாரிடம் இருந்தோமோ அவருக்குப் பெயர் போகும். எங்களுக்கும் அப்படித்தான் பெயர் வருகிறது.

திருகுவதுதான் எனக்குப் பயம். காலில் பலம் குறைந்திருக்கும் ஆளை யாரும் திருகக் கூடாது. அந்த அண்ணனை இப்போதைக்கு அழைத்துப் போகாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.


பள்ளத்தூர் ஐயா · புதன் இரவு 8.45

எனக்கு வயது 71. என் வியாதி இந்தத் தம்பிக்கு உள்ளது அல்ல. ஆனாலும் இந்த இழையைப் படிக்கிற வயதானவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. எழுந்து நூறு அடி நடந்தால் இரண்டு காலும் கனத்து, மதமதத்துப் போகும். எங்கள் தெருவில் ஒவ்வொரு திண்ணையாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஊருணிக் கரைக்குப் போய்ச் சேர்வேன். அதே ஆள் சைக்கிளில் கோட்டையூர் வரை போவேன், வலிக்காது. ரத்த ஓட்டம் என்று சொல்லி ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். பிறகுதான் தண்டுவடம் போகிற குழாய் சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். குனிந்தால் அந்தக் குழாய் கொஞ்சம் விரிகிறது, அதனால்தான் சைக்கிளில் வலிப்பதில்லை என்று டாக்டர் விளக்கினார்.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "உங்கள் இடுப்பு வலிக்காக நான் இதைச் செய்யவில்லை. உங்கள் நடைக்காகச் செய்கிறேன். இடுப்பு வலி இருந்தால் என்னைத் திட்டக் கூடாது." குழாயைச் சுற்றித் தடித்திருந்ததைச் செதுக்கி வழி விட்டார், ஸ்க்ரூ வைக்கவில்லை. வயதில் பழனிக்குக் காவடியோடு நடந்து போனவன் நான். அது இனி இல்லை. ஆனால் போன கார்த்திகைக்குக் குன்றக்குடி மலைப்படி ஏறி இறங்கினேன்.

மூன்று வருடம் தள்ளிப்போட்டதில் கால் தசை மெலிந்துவிட்டது. அது முழுசாகத் திரும்பவில்லை.


ஆத்தங்குடி மகன் · புதன் இரவு 9.30

பிசியோ அண்ணே, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்குக் கால் வலி ஒரு நாளும் இருந்ததில்லை. எது அதிகம் வலிக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. ஸ்கேனைப் பார்த்தார்கள், முடிவு சொன்னார்கள். நாங்களும் கேட்கத் தெரியாமல் தலையாட்டினோம். டீச்சர் அக்கா, காலையில் கோபத்தில் எழுதியதற்கு மன்னியுங்கள்.


கண்டனூர் டீச்சர் · புதன் இரவு 9.50

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


அடுப்படி, காரைக்குடி · புதன் இரவு 11.30

எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் மண்டபத்திலிருந்து வந்தேன். பிசியோ சார் கேட்டதற்குப் பதில்: இடுப்பு நூற்றுக்கு இருபது, கால் எண்பது. சிறுநீர் எல்லாம் சரியாக இருக்கிறது. பிசியோவில் சூடும் கரண்டும்தான் வைத்தார்கள், பயிற்சி என்று ஒரு தாள் கொடுத்தார்கள், வீட்டில் செய்ய நேரமில்லை. குதிகால் நடை சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொரு சந்தேகம், நரம்புக்கு என்று கொடுத்த பிரிகாபலின் சாப்பிட்டால் தலைசுற்றல் வருகிறது. அதை நிறுத்தலாமா?


சிவகங்கை சிஸ்டர், ஓய்வு · வியாழன் காலை 5.50

தம்பி, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிற ஆளுக்குத் தலைசுற்றல் சின்ன விஷயம் இல்லை. இன்றே எழுதிக் கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டுச் சொல். ஆனால் நீயாகச் சட்டென்று நிறுத்தாதே, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

'குதிகால் நடை சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்' என்பது பதில் இல்லை. நடந்து பார்த்துவிட்டுச் சொல்.

முப்பத்தோரு வருடம் வார்டில் இருந்தவள் என்ற முறையில் இங்கே எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். சிறுநீர் வந்த உணர்வு தெரியாமல் போனாலோ, முக்கியும் போகவில்லை என்றாலோ, மலம் அடங்காமல் போனாலோ, உட்காரும் இடத்திலும் மறைவிடத்தைச் சுற்றியும் தொட்டால் மரத்திருந்தாலோ, அப்போது இந்த மாதிரி இழையில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடியிலிருந்து இறங்கும் வால் நரம்புக் கொத்து மொத்தமாக நெருங்கினால் மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது. விடியட்டும் என்று காத்திருந்து, பிறகு வாழ்நாள் முழுக்க ட்யூப் வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்துக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆத்தங்குடித் தம்பி, நீங்கள் அந்த அட்டை எடுத்திருக்கிறீர்களா? மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவே இருக்கிறது. தனியாரில்தான் முதுகு ஆபரேஷன் நடக்கும் என்று நம் பக்கம் பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை.


அடுப்படி, காரைக்குடி · வியாழன் காலை 8.15

அவருடைய போனில் நான் எழுதுகிறேன். அவர் மனைவி. அவர் காய்கறி எடுக்க மார்க்கெட் போயிருக்கிறார்.

அவர் எழுதியதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பத்து நாளாக இடது கால் செருப்பு அவருக்குத் தெரியாமலே கழன்றுவிடுகிறது. ஒரு கல்யாண வீட்டு முகப்பில் கழன்றதை எங்கள் பையன் பின்னாலேயே எடுத்து வந்து கொடுத்தான். வீட்டு நிலைப்படியில் இரண்டு முறை கால் தட்டிவிட்டது. கேட்டால் செருப்பு லூஸ் என்கிறார். புதுச் செருப்பு வாங்கினோம், அதுவும் கழல்கிறது. நேற்று ராத்திரி சண்டை போட்டுத்தான் குதிகாலில் நடக்க வைத்தேன். வலது கால் நிற்கிறது. இடது முன்பாதம் தரையை விட்டு எழும்பவே இல்லை.

அதை எழுதச் சொன்னேன். தை மாதம் முடியட்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.


சிவகங்கை சிஸ்டர், ஓய்வு · வியாழன் காலை 8.30

அம்மா, நீ எழுதியதுதான் இந்த இழையிலேயே முக்கியமானது. நரம்பு வலிக்கும்வரை கத்துகிறது என்று அர்த்தம். பலம் போகிறது என்றால் அது சாகத் தொடங்குகிறது. இன்றோ நாளையோ தண்டுவட நிபுணர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும். தை வரைக்கும் இது காத்திருக்காது.


தேவகோட்டை பிசியோ · வியாழன் காலை 9.05

சிஸ்டர் சொல்வதை வார்த்தைக்கு வார்த்தை ஆமோதிக்கிறேன். நேற்று நான் எழுதிய ஆய்வுக் கணக்கு இனி அண்ணனுக்கு அப்படியே பொருந்தாது. நெதர்லாந்து ஆய்வில் புவியீர்ப்பை மீறித் தூக்க முடியாத அளவு தசைப் பலம் போனவர்களைச் சேர்க்கவே இல்லை. எத்தனை மாதம் பொறுக்கலாம் என்று இனிக் கேட்க வேண்டாம். பலம் திரும்புவதற்கு எவ்வளவு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி.

டாக்டரிடம் போகும்போது மூன்றைக் கேளுங்கள் அண்ணே. ஒன்று, என் பெருவிரல் பலமும் கணுக்கால் பலமும் ஐந்துக்கு எத்தனை என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு, எலும்பு நழுவுகிறதா, குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தீர்களா? நழுவாத எலும்புக்கு ஸ்க்ரூ எதற்கு? மூன்று, இதைச் செய்தால் எந்த வலி போகும், எது போகாது?


அடுப்படி, காரைக்குடி · சனி இரவு 9.00

மனைவி எழுதியதைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. அப்புறம் வாசலில் தனியாக உட்கார்ந்து பெருவிரலை நிமிர்த்திப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு மனிதர்கள் தூக்குகிற அண்டாவைத் தூக்கியவன் நான், ஒரு விரலைத் தூக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போனோம்.

மூன்றாவதாகப் பார்த்த இந்த டாக்டர் ஸ்கேனைத் தொடுவதற்கு முன்னால் இருபது நிமிஷம் என் காலைத்தான் பார்த்தார். பெருவிரல் ஐந்துக்கு இரண்டு, கணுக்கால் ஐந்துக்கு மூன்று. குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நகரவில்லை, ஸ்க்ரூ தேவையில்லை, எல்4-எல்5 இடத்தில் துண்டை மட்டும் எடுத்தால் போதும், கீழே இருக்கும் தேய்மானத்தைத் தொட வேண்டாம் என்றார். முதலில் சொன்ன தொகையில் பாதிகூட ஆகாது.

கால் வலி போவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது, பலம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, திரும்பினாலும் மாதக் கணக்கு ஆகும் என்றார். எட்டு வருட இடுப்பு வலி அப்படியே இருக்கும், அதற்கு நீங்கள்தான் உழைக்க வேண்டும் என்றார். நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. சர்க்கரை அளவு பார்த்தார். பீடி சிகரெட் உண்டா என்று கேட்டார், இல்லை.

செவ்வாய்க்கிழமை அட்மிஷன். தை மாதம் முதல் கல்யாண வீட்டு ஆச்சியிடம் தயங்கித் தயங்கிப் போனில் சொன்னேன். "உன் தம்பி பார்த்துக்கொள்வான், நீ ருசி மட்டும் வந்து சொல், முதலில் காலைப் பார்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார்.


அடுப்படி, காரைக்குடி · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.40

விசாரித்த எல்லாருக்கும் நன்றி. கால் வலி அன்றைக்கே போய்விட்டது, டீச்சர் எழுதிய மாதிரியேதான். தையல் இடத்தில் இறுக்கம் இருக்கிறது, காலையில் எழும்போது இடுப்பு மரக்கட்டை. பெருவிரல் இப்போது பாதி எழும்புகிறது. தூங்கும்போது கால் மரத்துப்போகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே காலையில் முப்பது சுற்று, மாலையில் முப்பது சுற்று நடக்கிறேன்.

ஒரே கேள்வி. அண்டா எப்போது தூக்கலாம்?


தேவகோட்டை பிசியோ · ஞாயிறு மாலை 7.30

ரொம்ப சந்தோஷம் அண்ணே. ஆறு வாரம் வரைக்கும் தண்ணீர்க் குடம்கூட வேண்டாம், நடைதான் மருந்து. ஆறு வாரத்துக்குப் பிறகு டாக்டர் பார்த்துச் சரி என்றால் முதுகுக்கும் வயிற்றுக்கும் பலம் ஏற்றும் பயிற்சி தொடங்கலாம், அதற்கு நேரம் இல்லை என்று இந்தத் தடவை சொல்லக் கூடாது. அண்டாவை நீங்கள் இனித் தூக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் அடித்துக்கொள்ளுங்கள். கோட்டை அடுப்பில் குனிந்து கிண்டுவதற்குப் பதிலாக இடுப்பு உயரத்தில் பர்னரை ஏற்றுங்கள், சட்டுவத்துக்கு நீளக் கைப்பிடி போடுங்கள். ஒரு பெரிய அண்டாவுக்கு இரண்டு சின்ன அண்டா. உங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பதினான்கு பேருக்கும் இது வேண்டும். அவர்களில் இப்போதே பெல்ட் போட்டிருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.


அடுப்படி, காரைக்குடி · ஞாயிறு இரவு 8.10

நான்கு பேர். இப்போதுதான் எண்ணினேன். வெல்டிங் பட்டறையில் நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.


ஆத்தங்குடி மகன் · ஞாயிறு இரவு 9.20

அண்ணே, நல்ல செய்தி படித்தேன், சந்தோஷம். சிஸ்டர் சொன்ன காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பேர் கொடுத்தேன். பிசியோ அண்ணே, அப்பாவை ஒரு தடவை நீங்கள் பார்ப்பீர்களா? ஸ்க்ரூ வைத்த பிறகு பயிற்சி செய்யலாமா என்றே எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடமாகப் பயந்து படுத்தே இருக்கிறார்.


தேவகோட்டை பிசியோ · ஞாயிறு இரவு 9.35

எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருந்தீர்கள், அப்படியென்றால் செய்யலாம், செய்யவும் வேண்டும். வியாழன் மாலை அழைத்து வாருங்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கொண்டு வாருங்கள். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுங்கள். அவர் நடந்து வருவதை நான் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.